ஜென்கின்ஸ் ஸ்கிரிப்டிலிருந்து பிளகின் கிளாஸைத் தொட எந்த வழி?

டெஸ்ட் ஓடி முடிந்ததும் இத்தனை தேறின, இத்தனை விழுந்தன, விழுந்தவை இவை என்று டீமுக்கு ஒரு செய்தி போக வேண்டும். கோடைத் தானாகக் கட்டி டெஸ்ட் ஓட்டும் சர்வரான ஜென்கின்ஸை வைத்திருக்கும் டீம்களில் இதைக் கேட்காத டீம் குறைவு. கேட்கும் தகவல், டெஸ்ட் முடிவுகளைச் சேகரிக்கும் ஜேயூனிட் பிளகினிடம் (பிளகின் என்பது ஜென்கின்ஸோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) தயாராக இருக்கிறது. பில்ட் பக்கத்தைத் திறந்தாலே கண்ணில் படுகிறது. ஆனால் அதை ஸ்கிரிப்டுக்குள் எடுத்து வரப் போனால் வழி ஒன்றல்ல. பில்டின் படிகளை க்ரூவி மொழியில் எழுதும் பைப்லைனிலேயே பிளகினின் கிளாஸை இம்போர்ட் செய்யலாம். பல பைப்லைன்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு லைப்ரரியில் வைக்கலாம். சிஸ்டம் க்ரூவி ஸ்டெப்பில் எழுதலாம். கிளாஸையே தொடாமல் ஸ்டெப் தருவதை வாங்கிக்கொள்ளலாம். வெளியிலிருந்து ரெஸ்ட் ஏபிஐயைக் கேட்கலாம். இதற்கென்றே ஒரு சிறிய பிளகினும் எழுதலாம். முதல் நாளில் எல்லாமே ஒரே எண்ணைத்தான் காட்டும்.

வித்தியாசம் அப்புறம்தான் தெரியும். பிளகினை அப்டேட் செய்த மறுநாள் எது உடைகிறது, உடைந்ததை முதலில் பார்ப்பது யார், அந்த ஸ்கிரிப்டை மாற்ற முடிந்தவர் கைக்கு எவ்வளவு அதிகாரம் போகிறது: இந்த மூன்றையும் வைத்துத்தான் நான் வழிகளை எடைபோடுகிறேன். எத்தனை வரி எழுத வேண்டும் என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எல்லாமே சில வரிகள்தான்.

கிளாஸ் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது

வழிகளுக்குள் போகும் முன், கிளாஸ்களைத் தேடி ஏற்றும் கிளாஸ்லோடரின் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜென்கின்ஸில் ஒவ்வொரு பிளகினுக்கும் தனி கிளாஸ்லோடர் உண்டு. ஒரு பிளகின் இன்னொன்றின் கிளாஸைப் பார்க்க வேண்டுமானால் அதைத் தன் மேனிஃபெஸ்டில் சார்பாக அறிவித்திருக்க வேண்டும். இந்தத் தனித்தனி லோடர்களுக்கு மேலே, பிளகின் மேனேஜரிடம் உபர்கிளாஸ்லோடர் என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் ஒரு பெயரைக் கேட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் பிளகின்கள் எல்லாவற்றிலும் தேடி முதலில் கிடைத்ததைத் தரும். ஸ்கிரிப்ட் கன்சோல், பைப்லைன், சிஸ்டம் க்ரூவி, தொடக்க ஸ்கிரிப்டுகள் என்று, ஜென்கின்ஸின் மையச் சர்வரான கன்ட்ரோலரில் ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம்முக்குள் ஓடும் க்ரூவி இதன் வழியாகத்தான் பிளகின்களைப் பார்க்கிறது. ஆகவே இந்த இடங்களில் கிளாஸ்பாத்தில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. முழுப் பெயரைச் சரியாக எழுதினால் போதும்.

அப்படியும் 'அன்ஏபிள் டு ரிசால்வ் கிளாஸ்' என்று பிழை வந்தால், முதலில் அந்த பிளகின் உண்மையிலேயே இயங்குகிறதா என்று பாருங்கள். நிறுவப்பட்டிருக்கும், ஆனால் முடக்கி வைத்திருப்பார்கள். அல்லது அதன் சார்புகளில் ஒன்று பழைய பதிப்பாக இருப்பதால் அது ஏறாமலே நின்றிருக்கும்.

அடுத்தது பெயர். ஜேயூனிட் பிளகினின் கிளாஸ்கள் 'ஹட்சன்.டாஸ்க்ஸ்.ஜேயூனிட்' என்ற பேக்கேஜில் இருக்கின்றன. பார்த்தால் ஜென்கின்ஸின் அடிப்படைப் பகுதியான கோருக்குள் இருப்பதுபோலத் தோன்றும். ஒருகாலத்தில் கோரில்தான் இருந்தன, 2014-ல் 1.577 பதிப்பில் தனி பிளகினாகப் பிரித்தபோது, ஏற்கெனவே அவற்றை நம்பியிருந்த மற்ற பிளகின்கள் உடையக் கூடாது என்று பேக்கேஜ் பெயரை மாற்றாமல் விட்டார்கள். 2011-ல் ஹட்சனிலிருந்து பிரிந்து ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் 'ஹட்சன்' என்று தொடங்கும் பேக்கேஜ்கள் நிலைத்திருப்பதற்குக் காரணமும் இதுவே. எனவே பெயரைப் பார்த்து இது கோர், இது பிளகின் என்று தீர்மானிக்க முடியாது.

மூன்றாவது காரணம்தான் மணிக்கணக்கில் நேரத்தை விழுங்குவது: ஸ்கிரிப்ட் கன்ட்ரோலரில் ஓடவே இல்லை. க்ரூவி பிளகின் இரண்டு பில்ட் ஸ்டெப்புகளைத் தருகிறது. 'எக்ஸிக்யூட் க்ரூவி ஸ்கிரிப்ட்' என்பது பில்ட் ஓடும் ஏஜென்டில் தனி ஜேவிஎம் ஒன்றைக் கிளப்பி அதற்குள் ஓடும். ஜென்கின்ஸின் ஆப்ஜெக்டுகள் எதுவும் அங்கே கிடையாது. 'எக்ஸிக்யூட் சிஸ்டம் க்ரூவி ஸ்கிரிப்ட்' கன்ட்ரோலருக்குள் ஓடும். பலர் முதல் வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கிளாஸ் இல்லை என்று வந்ததும் வெளி லைப்ரரிகளை இறக்கும் @கிராப் குறிப்பைப் போட்டு பிளகினின் ஜாரை இறக்குகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கம்பைல் ஆகும், ஆனால் கேட்பதற்கு அங்கே எந்த பில்ட் ஆப்ஜெக்டும் இல்லை. கையில் இருப்பது கிளாஸின் வெறும் கூடு.

முதலில் பார்க்க வேண்டியது: கிளாஸ் உண்மையில் தேவையா?

ஒப்பீட்டைக் கிளாஸே தேவைப்படாத வழியிலிருந்து தொடங்குகிறேன். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

பைப்லைனில் 'ஜேயூனிட்' ஸ்டெப் ஒரு மதிப்பைத் திருப்பித் தருகிறது. அதை ஒரு மாறியில் வாங்கினால் மொத்தம், தேறியவை, விழுந்தவை, தவிர்க்கப்பட்டவை என்று நான்கு எண்களும் அதிலேயே இருக்கின்றன. இம்போர்ட் வேண்டாம், அனுமதி வேண்டாம், ஸ்கிரிப்டைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு வேலியான சான்ட்பாக்ஸும் தடுக்காது. இதைத் தெரியாமல் பில்ட் ஆப்ஜெக்டைத் தோண்டி எண்ணிக்கை எடுக்கும் பைப்லைன்கள் ஏராளம். எந்த பிளகினாக இருந்தாலும், கிளாஸைத் தேடும் முன் அதன் ஸ்டெப் எதையாவது திருப்பித் தருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டெப்பின் வெளிப்படையான முகத்தைப் பிளகின் ஆசிரியர்கள் எளிதில் மாற்றுவதில்லை. எத்தனையோ பேரின் ஜென்கின்ஸ்ஃபைல் (ரெப்போவில் பைப்லைனை எழுதிவைக்கும் கோப்பு) அதை நம்பியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

பிளகினின் பழைய பில்ட் ஸ்டெப்பையோ பப்ளிஷரையோ ஓட்ட வேண்டும், ஆனால் அதற்கு நேரடிப் பைப்லைன் பெயர் இல்லை என்றாலும் இம்போர்ட் தேவையில்லை. பொதுவான 'ஸ்டெப்' என்ற ஸ்டெப்புக்குள், டாலர் குறியுடன் 'கிளாஸ்' என்ற சாவிக்குக் கிளாஸின் சிறு பெயரைச் சரமாகக் கொடுத்தால், ஜென்கின்ஸ் அதன் டிஸ்கிரிப்டரைத் தேடி, கன்ஸ்ட்ரக்டருக்குத் தேவையான அளவுருக்களை நிரப்பி ஓட்டிவிடும். அந்தக் கிளாஸ் 'சிம்பிள்பில்ட்ஸ்டெப்' இன்டர்ஃபேஸைச் செயல்படுத்தியிருக்க வேண்டும், தன் கன்ஸ்ட்ரக்டரை டேட்டாபவுண்ட் என்றும் குறித்திருக்க வேண்டும். தொடரியலைக் கையால் எழுதவும் வேண்டாம், ஒவ்வொரு பைப்லைன் ஜாப்பிலும் இருக்கும் ஸ்னிப்பெட் ஜெனரேட்டர் எழுதித் தரும்.

சரி, இது எங்கே போதாமல் போகிறது? நம் உதாரணத்திலேயே இரண்டு இடங்களில். ஸ்டெப் தருவது எண்களை மட்டும். விழுந்த டெஸ்டுகளின் பெயர்கள் அதில் இல்லை. அப்புறம், இணையாக ஓடும் கிளைகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஸ்டெப்பை அழைத்தால், ஒவ்வொரு அழைப்பும் தன் எண்ணிக்கையை மட்டுமே தரும்; கூட்டல் நம் வேலை. பில்ட் முழுமைக்குமான முடிவும் பெயர்ப் பட்டியலும் 'டெஸ்ட்ரிசல்ட்ஆக்‌ஷன்' என்ற கிளாஸின் ஆப்ஜெக்டில் இருக்கின்றன. அதைத் தொட வேண்டிய இடத்துக்கு இப்போதுதான் வருகிறோம்.

ஜென்கின்ஸ்ஃபைலில் நேரடியாக

'கரன்ட்பில்ட்' என்ற மாறியிலிருந்து 'ராபில்ட்' எடுத்து, அதனிடம் அந்த ஆக்‌ஷனைக் கேட்டு, விழுந்த டெஸ்டுகளின் பட்டியலை வாங்குவது. நான்கே வரி. தேடினால் முதலில் கிடைப்பதும் இதுதான்.

ரெப்போவிலிருந்து வரும் ஜென்கின்ஸ்ஃபைல் எப்போதும் சான்ட்பாக்ஸுக்குள் ஓடும். ஸ்கிரிப்ட் செக்யூரிட்டி பிளகின் ஒவ்வொரு மெத்தட் அழைப்பையும் தன் அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடும். 'ராபில்ட்' பட்டியலில் இல்லை. பில்ட் நின்றுபோகும், நிர்வாகியின் ஒப்புதல் பக்கத்தில் ஒரு சிக்னேச்சர் (அழைத்த மெத்தடின் முழு அடையாளம்) காத்திருக்கும். நிர்வாகி ஒப்புக்கொண்டால் அடுத்த அழைப்பில் இன்னொரு சிக்னேச்சர், அப்புறம் இன்னொன்று. இப்படி ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு போவதில் கை பழகிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒரு சிக்னேச்சரை ஒப்புக்கொண்டால் அது உங்கள் ஜாப்புக்கு மட்டும் கிடைக்கும் சலுகை இல்லை. அந்தக் கன்ட்ரோலரில் சான்ட்பாக்ஸுக்குள் ஓடும் எல்லா ஸ்கிரிப்டுக்கும், அதை யார் எழுதியிருந்தாலும், அந்தக் கதவு திறந்துவிடும். 'ராபில்ட்' தருவது பில்டின் உள் ஆப்ஜெக்டையே. அங்கிருந்து ஜாப், ஜாப்பிலிருந்து மற்றவை என்று ஏறிப் போக இன்னும் சில சிக்னேச்சர்கள் போதும். ஒரு செய்தியில் பெயர்ப் பட்டியல் வர வேண்டும் என்பதற்காகக் கன்ட்ரோலர் முழுவதற்கும் ஒரு கதவைத் திறப்பது எனக்கு ஏற்புடையதல்ல. சில சிக்னேச்சர்களுக்குப் பக்கத்தில், இதை ஒப்புக்கொண்டால் பாதுகாப்பு ஓட்டை வரலாம் என்று ஜென்கின்ஸே எச்சரிக்கும். அந்த வரியைப் படிக்காமல் அழுத்தும் பழக்கம் எங்கேயும் வரக் கூடாது.

சான்ட்பாக்ஸ் இருக்கிறதே என்று முழுக்க நிம்மதியடையவும் முடியாது. 2019 ஜனவரி 8 அன்று வெளியான ஜென்கின்ஸ் பாதுகாப்பு அறிவிப்பில் சிவிஇ-2019-1003000 என்ற எண்ணிலிருந்து தொடங்கும் சில பாதுகாப்புக் குறைகள் வந்தன. அப்போது சான்ட்பாக்ஸ், ஸ்கிரிப்ட் ஓடும்போது மட்டுமே காவல் காத்தது. கம்பைல் ஆகும் கட்டத்திலேயே வேலை செய்யும் @கிராப் போன்ற குறிப்புகள் அதைத் தாண்டி கன்ட்ரோலரில் எதையும் ஓட்டிவிட வழி இருந்தது. சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் சான்ட்பாக்ஸ் கடைசிச் சுவராக இருக்க வேண்டுமே தவிர, நாமே துளையிட்டுப் பழகிய சுவராக இருக்கக் கூடாது.

இன்னொரு தொல்லை சீரியலைசேஷன். கன்ட்ரோலர் நடுவில் மறுதொடக்கம் ஆனாலும் பில்ட் தொடர வேண்டும் என்பதற்காக, பைப்லைன் தன் நிலையை அவ்வப்போது டிஸ்கில் எழுதி வைக்கிறது. பிளகின்களின் உள் ஆப்ஜெக்டுகளில் பல அப்படி எழுதிவைக்கக்கூடியவை அல்ல. அதில் ஒன்றை மாறியில் வைத்துக்கொண்டு அடுத்த ஸ்டெப்பை அழைத்தால் 'நாட்சீரியலைசபிள்எக்செப்ஷன்' வந்து நிற்கும். தீர்வு, அந்த வேலையை @நான்சிபிஎஸ் (நடுவில் நிலையைச் சேமிக்காமல் ஒரே மூச்சில் ஓடு) என்று குறித்த மெத்தடுக்குள் அடக்கி, வெளியே வரும்போது எண், சரம், சரங்களின் பட்டியல் என்று எளிய மதிப்புகளை மட்டும் திருப்பித் தருவது. அந்த மெத்தடுக்குள் பைப்லைன் ஸ்டெப் எதையும் அழைக்கக் கூடாது. கிளாஸை எந்த வழியில் தொட்டாலும் பைப்லைனில் இந்த விதி மாறாது.

உடையும்போது எப்படி உடையும்? இம்போர்ட் இருந்தால், கிளாஸ் போய்விட்ட அன்று ஸ்கிரிப்ட் கம்பைல் ஆகாமல் பில்ட் தொடக்கத்திலேயே நிற்கும். சத்தமாக உடைவது நல்லதுதான். ஆனால் அந்த நான்கு வரியை எத்தனை ரெப்போக்கள் நகலெடுத்திருக்கின்றனவோ அத்தனையும் ஒரே காலையில் நிற்கும். பார்ப்பவர்கள் அந்த ரெப்போக்களின் டெவலப்பர்கள். முந்தைய இரவு பிளகினை அப்டேட் செய்தவருக்குக் கடைசியாகத்தான் செய்தி போகும்.

ஷேர்டு லைப்ரரி

என் தேர்வு பெரும்பாலும் இதுவே. உலகளாவிய அமைப்பில் நம்பத்தக்க லைப்ரரியாகச் சேர்க்கப்பட்ட கோடு சான்ட்பாக்ஸுக்கு வெளியே ஓடும். ஒப்புதல் பக்கத்துக்கே போக வேண்டாம். 'வார்ஸ்' அடைவில் ஒரு சிறு கோப்பு, அதற்குள் @நான்சிபிஎஸ் மெத்தட், அது திருப்பித் தருவது சரங்களின் பட்டியல். ஜென்கின்ஸ்ஃபைல் எழுதுபவருக்குத் தெரிவது 'விழுந்தடெஸ்டுகள்' போன்ற ஒரு பெயர் மட்டும். ஜேயூனிட் பிளகின் நாளை தன் உள்கட்டமைப்பை மாற்றினால் திருத்த வேண்டியது ஒரே கோப்பு. அதைத் திருத்துபவரும் பிளகின் அப்டேட்டைப் பார்த்துக்கொள்பவரும் வழக்கமாக ஒரே குழுவில்தான் இருப்பார்கள்.

திறந்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கும்போதும் இது ஒப்புதல் வழியைவிட நல்லது. 'ராபில்ட்' சிக்னேச்சரை ஒப்புக்கொண்டால் எல்லோர் கையிலும் முழு பில்ட் ஆப்ஜெக்ட் போகிறது. லைப்ரரி மெத்தட் வெளியே விடுவது பெயர்களை மட்டும். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: வசதிக்காக பில்ட் ஆப்ஜெக்டையே திருப்பித் தரும் மெத்தட் எழுதிவிடாதீர்கள். அதேபோல, வெளியிலிருந்து வரும் சரத்தை வாங்கி அதைக் கிளாஸ் பெயராகவோ ஸ்கிரிப்டாகவோ ஓட்டும் மெத்தடும் வேண்டாம். அப்படி ஒன்று இருந்தால் லைப்ரரி கட்டிய எல்லையே இல்லாமல் போய்விடும்.

விலை என்னவென்றால், அந்த லைப்ரரியின் ரெப்போவில் எழுத முடிந்த ஒவ்வொருவரும் நடைமுறையில் ஜென்கின்ஸ் நிர்வாகிதான். ஜென்கின்ஸின் ஆவணமே இதை வெளிப்படையாக எச்சரிக்கிறது. மெயின் கிளையைப் பூட்டிவைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொருவர் பார்த்த பிறகே சேர்ப்பது குறைந்தபட்சத் தேவை. அதுவும் போதாத ஒரு இடம் உண்டு. இயல்புப் பதிப்பைப் பைப்லைன்கள் மாற்றிக்கொள்ளலாம் என்ற தேர்வு இயக்கப்பட்டிருந்தால், ஜென்கின்ஸ்ஃபைலில் லைப்ரரி பெயருக்குப் பின்னால் வேறு கிளையின் பெயரைப் போட்டு, யாரும் பார்க்காத கோடையும் நம்பத்தக்கதாக ஓட்ட முடியும். அப்படியானால் பூட்டு மெயினுக்கு மட்டும் இருந்து பயனில்லை, எல்லாக் கிளைகளுக்கும் வேண்டும். இல்லையென்றால் அந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள்.

ஃபோல்டர் அளவில் சேர்க்கும் லைப்ரரி இதற்கு உதவாது. அது சான்ட்பாக்ஸுக்குள்தான் ஓடும், மறுபடி ஒப்புதல் பக்கத்துக்கே கொண்டுபோய் விடும்.

இம்போர்ட்டா, பெயரால் தேடலா?

லைப்ரரிக்குள் வந்த பிறகும் ஒரு தேர்வு மிச்சம் இருக்கிறது. கிளாஸை மேலே இம்போர்ட் செய்வதா, ஓடும்போது பெயரைச் சரமாகக் கொடுத்துத் தேடுவதா?

க்ரூவியில் மூன்றாவதாக ஒன்றும் முடியும்: கிளாஸே தேவையில்லாமல், பில்டின் ஆக்‌ஷன்களில் சிறு பெயர் பொருந்துவதைத் தேடிப் பிடித்து மெத்தடை அழைத்துவிடலாம். மாறும் வகை மொழி என்பதால் கம்பைலர் கேட்காது. பிளகின் இல்லாத கன்ட்ரோலரிலும் ஸ்கிரிப்ட் கம்பைல் ஆகும் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் பிளகின் அந்தக் கிளாஸின் பெயரை மாற்றிய அன்று இது உடையாது. எதுவும் கிடைக்கவில்லை என்று வெற்றுப் பட்டியலைத் தரும். செய்தியில் "விழுந்த டெஸ்ட் எதுவும் இல்லை" என்று போகும். டெஸ்ட் விழுந்தும் விழவில்லை என்று சொல்லும் செய்தியைவிட, செய்தியே போகாமல் பில்ட் நிற்பது எவ்வளவோ மேல். அதனால் பிளகின் கட்டாயம் இருக்கும் என்று தெரிந்த இடத்தில் இம்போர்ட்தான் போட வேண்டும்.

பெயரால் தேட வேண்டிய இடங்களும் உண்டு. ஒரே லைப்ரரியைப் பல கன்ட்ரோலர்கள் பயன்படுத்துகின்றன, சிலவற்றில் அந்த பிளகின் இல்லை என்றால் வேறு வழி இல்லை. அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு தேடாமல், பிளகின் மேனேஜரிடம் பிளகினின் குறுபெயரைக் கொடுத்து இருக்கிறதா, இயங்குகிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். இருக்கிறது என்றால் அதன் சொந்தக் கிளாஸ்லோடரிலிருந்தே கிளாஸை எடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் வரும் பிழையைப் பிடித்து விழுங்கிவிடாதீர்கள்.

சொந்தக் கிளாஸ்லோடர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு பிளகின்கள் ஒரே வெளி லைப்ரரியின் வேறுவேறு பதிப்புகளைத் தங்களுக்குள் சுமந்து வரலாம். உபர்கிளாஸ்லோடர் முதலில் கண்டதைத் தரும். பிளகின் கையில் கொடுக்கும் ஆப்ஜெக்ட் மற்றதிலிருந்து பிறந்ததாக இருக்கும். ஜேவிஎம்முக்குப் பெயரும் லோடரும் சேர்ந்ததுதான் ஒரு கிளாஸின் அடையாளம். ஆகவே இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே பெயரைப் போட்டு, இதை அதுவாக மாற்ற முடியாது என்று ஒரு கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் வரும். அதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், பிளகினின் லோடரிலிருந்தே எடுத்தால் தீரும்.

சிஸ்டம் க்ரூவியும் போஸ்ட்பில்டும்

பைப்லைன் இல்லாமல் படிவத்தில் அமைக்கும் ஃப்ரீஸ்டைல் ஜாப்புகள் இன்னும் இருக்கும் இடங்களில் சிஸ்டம் க்ரூவி ஸ்டெப் வேலை செய்யும். பில்ட் முடிந்த பிறகு ஓட்ட க்ரூவி போஸ்ட்பில்ட் பிளகின் தரும் 'மேனேஜர்' ஆப்ஜெக்டும் போதுமானது. சீரியலைசேஷன் தொல்லை இங்கே கிடையாது. ஆனால் ஸ்கிரிப்ட் ஜாப்பின் அமைப்புக்குள் கிடக்கிறது. யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறு ரெப்போவில் இல்லை. சான்ட்பாக்ஸ் இல்லாமல் ஓட்டினால் முழு ஸ்கிரிப்டுக்கும் ஒப்புதல் வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இருப்பதை அவசரமாகப் பிடுங்கவும் வேண்டாம்.

ஸ்கிரிப்ட் கன்சோல், தொடக்க ஸ்கிரிப்ட்

கன்சோல் ஒருமுறை வேலைக்கு மிகச் சிறந்தது. எந்தெந்த ஜாப் எந்த கிட் முகவரியை வைத்திருக்கிறது என்று பட்டியலிடுவது, ஒரு பிளகினை நீக்கும் முன் அதன் பப்ளிஷரை எந்த ஜாப்புகள் பயன்படுத்துகின்றன என்று பார்ப்பது, இப்படி. நிர்வாகி அனுமதி உள்ளவர் மட்டுமே திறக்க முடியும், சான்ட்பாக்ஸ் கிடையாது, எல்லா பிளகின் கிளாஸும் கைக்கு எட்டும். எந்த மெத்தட் என்ன தருகிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டு லைப்ரரிக்குக் கொண்டுபோகவும் இதுதான் வசதி. ஆனால் சோதிப்பது, எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கன்ட்ரோலரின் ஜேவிஎம்முக்குள் என்பதை மறக்கக் கூடாது. படிப்பதற்கு மட்டும் என்ற பாதுகாப்பான நிலை எதுவும் கன்சோலில் இல்லை.

ஏஜென்டுக்கும் தனிக் கன்சோல் உண்டு. அங்கே ஸ்கிரிப்ட் ஏஜென்டின் ஜேவிஎம்மில் ஓடும். பிளகின் கிளாஸ்கள் ரிமோட்டிங் வழியாகக் கன்ட்ரோலரிலிருந்து வந்து சேரும். கிளாஸ் கிடைத்துவிட்டதே என்று பில்டைத் தேடினால் கிடைக்காது. ஜாப்புகளும் பில்டுகளும் கன்ட்ரோலரில் மட்டுமே இருக்கின்றன.

கன்சோல் ஸ்கிரிப்டை டோக்கன் வைத்து தினமும் வெளியிலிருந்து ஓட்டத் தொடங்கும்போதுதான் அது தவறான இடத்துக்குப் போகிறது. ஒரு எண்ணைப் படிக்க, எல்லாம் செய்ய வல்ல நிர்வாகி டோக்கன் ஒன்று எங்கோ ஒரு சர்வரில் கிடக்கும். எண்ணை மட்டும் வெளியில் வேண்டும் என்றால் ரெஸ்ட் ஏபிஐ போதும். ஜேயூனிட் பிளகின் பில்டின் கீழ் வைக்கும் டெஸ்ட் அறிக்கைப் பக்கத்துக்கு ஜேசான் வடிவமும் உண்டு. 'ட்ரீ' அளவுருவில் வேண்டிய புலங்களை மட்டும் கேட்கலாம். படிக்கும் அனுமதி மட்டும் உள்ள பயனரின் டோக்கன் போதும், ஜென்கின்ஸின் கிளாஸ் எதுவும் உங்கள் ஸ்கிரிப்டில் வராது. ஜென்கின்ஸுக்கு வெளியே இருக்கும் டாஷ்போர்டுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்க மாட்டேன்.

'இனிட்.க்ரூவி.டி' அடைவில் போடும் ஸ்கிரிப்டுகள் ஒவ்வொரு முறை ஜென்கின்ஸ் எழும்போதும் பெயர் வரிசைப்படி ஓடும். பிளகின்கள் அதற்கு முன்பே ஏறியிருக்கும் என்பதால் கிளாஸ்கள் கிடைக்கும். பிளகின்களின் அமைப்பை நிரப்பப் பலர் இதைப் பயன்படுத்தினார்கள், இன்றும் பயன்படுத்துகிறார்கள். உடையும் விதம்தான் எனக்குப் பிடிக்காதது: பெரும்பாலான பிழைகளுக்கு லாகில் ஒரு எச்சரிக்கை விழும், ஜென்கின்ஸ் அரைகுறை அமைப்போடு எழுந்துவிடும். கான்ஃபிகரேஷன் ஆஸ் கோட் பிளகினில் அதே அமைப்பை யாம்லில் எழுதலாம். கிளாஸ் பெயரே வராது, தெரியாத புலம் இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். யாம்லுக்கு எட்டாத ஓரிரண்டு விஷயங்களுக்கு மட்டும் க்ரூவியை விட்டுவையுங்கள்.

சொந்த பிளகின் எப்போது?

மேலே சொன்ன எல்லா வழிகளுக்கும் பொதுவான ஒரு பலவீனம் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிளகின் ஆசிரியர்கள் வெளியார் தொடக் கூடாத மெத்தடுகளை 'ரெஸ்ட்ரிக்டட்' என்று குறிக்கிறார்கள். அந்தத் தடையைச் சரிபார்ப்பது இன்னொரு பிளகின் மேவன் என்ற பில்ட் கருவியில் கட்டப்படும்போது மட்டும். ஓடும் நேரத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை. க்ரூவியோ பிரைவேட் புலத்தைக்கூடக் கேள்வி கேட்காமல் படித்துவிடும். ஆகவே சான்ட்பாக்ஸுக்கு வெளியே ஓடும் ஸ்கிரிப்ட், ஆசிரியர் என்றைக்கு வேண்டுமானாலும் நீக்கக்கூடிய ஒன்றை நம்பியிருக்கலாம். அது எங்கேயும் தெரியாது. ஸ்கிரிப்டில் ஒரு பிளகின் மெத்தடைப் பயன்படுத்தும் முன் அதன் மூலக் கோடைத் திறந்து, அது பப்ளிக்தானா, அதன் மேல் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

பிளகினாக எழுதினால் இந்தச் சோதனை தானாக நடக்கும். மேவனின் பாம் கோப்பில் ஜேயூனிட் பிளகின் சார்பாக இருக்கும், கம்பைலர் வகைகளைச் சரிபார்க்கும், ஜென்கின்ஸ்ரூல் வைத்து உண்மையான ஜென்கின்ஸ் ஒன்றைக் கிளப்பி டெஸ்ட் எழுதலாம். தேவையான குறைந்தபட்சப் பதிப்பு இல்லையென்றால் பிளகின் ஏறவே ஏறாது, காரணத்தையும் சொல்லும். பைப்லைனில் அது மற்ற ஸ்டெப்புகளைப் போல ஒரு ஸ்டெப். சான்ட்பாக்ஸ் தடுக்காது, சீரியலைசேஷன் தலைவலி ஜாவா கோடுக்குள் அடங்கிவிடும். விலையும் உண்டு: ஜாவா தெரிந்தவர், வெளியிடும் முறை, ஒவ்வொரு திருத்தத்துக்கும் கன்ட்ரோலர் மறுதொடக்கம். நிறுவிய பிளகினைப் புதுப்பிக்க மறுதொடக்கம் தேவை என்பதால், அடிக்கடி மாறும் தர்க்கத்தை இதில் வைத்தால் எல்லோருக்கும் சிரமம்.

என் கணக்கு இப்படி: லைப்ரரிக் கோப்பு பிளகினின் ஒன்றிரண்டு பப்ளிக் மெத்தடுகளைத் தொடுகிறது என்றால் லைப்ரரியிலேயே இருக்கட்டும். பல பிளகின்களின் கிளாஸ்களைக் கலந்து, இன்டர்ஃபேஸ்களைச் செயல்படுத்தி, ஆக்‌ஷன்களைத் தானே சேர்க்கத் தொடங்கிவிட்டால் அது ஏற்கெனவே பிளகின்தான், தவறான இடத்தில் இருக்கிறது. குறிப்பாக, ஸ்கிரிப்டில் உருவாக்கிய கிளாஸின் ஆப்ஜெக்டை பில்டோடு சேர்த்துச் சேமிக்கவே கூடாது. 2018-ல் 2.102 பதிப்போடு வந்த கிளாஸ் வடிகட்டி, தெரியாத இடத்திலிருந்து வரும் கிளாஸ்களைச் சேமிக்கவும் அனுப்பவும் மறுத்துவிடும்.

அப்டேட்டுக்கு முன்னால்

உடைப்பு பிளகினிலிருந்து மட்டும் வருவதில்லை. கோருக்குள் பல வருடங்கள் 11-ம் பதிப்பிலேயே இருந்த குவாவா என்ற ஜாவா லைப்ரரி, ஜென்கின்ஸ் 2.321-ல் 31-க்குத் தாவியது. உள்நுழைவையும் அனுமதியையும் கவனித்த அகேஜி செக்யூரிட்டியின் இடத்தில் 2.266-ல் ஸ்பிரிங் செக்யூரிட்டி வந்தது. 2.475-ல், வலைக் கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட் பக்கம் 'ஜகார்ட்டா' என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களுக்கு நகர்ந்தது. பழைய பெயர்களுக்கு இணக்க அடுக்கு வைத்திருக்கிறார்கள், ஆனால் புதிய ஸ்கிரிப்டில் அந்தப் பெயர்களை எழுதக் காரணமே இல்லை.

நம்பத்தக்க லைப்ரரியில் பிளகின் கிளாஸைத் தொடும் கோப்புகளை ஒரே அடைவில் வைத்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை அழைக்கும் சிறு பைப்லைன் ஒன்றை எழுதுங்கள். அதில் வேண்டுமென்றே விழும் ஒரு டெஸ்ட் அறிக்கையைக் கொடுத்து, அதன் பெயர் திரும்பி வருகிறதா என்று சரிபாருங்கள். வெற்றுப் பட்டியல் வந்தால் பில்ட் தோற்க வேண்டும். பிளகின் அப்டேட்டை முதலில் சோதனைக் கன்ட்ரோலரில் போட்டு இந்தப் பைப்லைனை ஓட்டுங்கள். அதே அமர்வில் ஒப்புதல் பக்கத்தையும் திறந்து, முன்பு ஒப்புக்கொண்ட சிக்னேச்சர்களில் லைப்ரரிக்கு மாறிவிட்டவற்றை நீக்கிவிடுங்கள். 'ராபில்ட்' அந்தப் பட்டியலில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். நீக்கியதும் எந்த ஜாப்புகள் நிற்கின்றனவோ, அவைதான் அடுத்து லைப்ரரிக்கு மாற வேண்டியவை.